திருமலையில் (திருகோணமலையில்) இருந்தபடி மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி: முதல் இரண்டு வருஷத்தில் என்ன செய்யலாம்?

உப்புவெளி_எம்ஓ:

வணக்கம். சத்திரசிகிச்சை கிளினிக்கில் எம்ஓவாக (வைத்திய அதிகாரியாக) இருக்கிறேன். பிஜிஐஎம்மில் (பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில்) கிளினிக்கல் ஒன்கோலஜி எம்டிக்குப் போகும் எண்ணம். அதிலும் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஆராய்ச்சி செய்கிற ஆளாக வரவேணும் என்பதுதான் நோக்கம். அதற்கு முன் திருகோணமலையில் ஏறக்குறைய இரண்டு வருஷம் கையில் இருக்கிறது.

இங்கே ஆராய்ச்சிக்கென்று ஆய்வுகூடம் கிடையாது. கதிர்சிகிச்சைக்கு நோயாளர் மட்டக்களப்புக்கோ அனுராதபுரத்துக்கோ மகரகமவுக்கோ போகிறார்கள். இருப்பது கிளினிக் பதிவேடு, தியேட்டர் பதிவேடு, றெக்கோட் ரூமில் கட்டிவைத்த பெட் ஹெட் டிக்கட்டுகள் (நோயாளர் குறிப்பேடுகள்), அவ்வளவுதான். இதை வைத்து மதிப்புள்ள வேலை ஏதும் தொடங்க ஏலுமா, இல்லை கொழும்புக்குப் போனபிறகு பார்ப்போம் என்று விடுவதா? இந்தத் துறையில் நிலைத்தவர்களின் ஆராய்ச்சி எப்படித் தொடங்கியது என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. "நல்லாப் படியுங்கோ" வகை அறிவுரை வேண்டாம். எதை எடுப்பது, எத்தனை பேர் வேணும், எங்கே பிழைக்கும் என்று சொன்னால் உதவி.


நிலாவெளிக்_காற்று:

டொக்டர், கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்றதெல்லாம் அதில்தான் தொங்குது. இந்தத் துறையில் நிலைத்தவர்கள் நூறு தலைப்பில் எழுதியவர்கள் இல்லை. ஒரு கேள்வியை இருபது முப்பது வருஷம் விடாமல் பிடித்தவர்கள்.

மும்பை டாட்டா மெமோரியலின் ராஜேந்திர பட்வேயை எடுங்கோ. 1991இல் லான்செட்டில் அவரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை லண்டன் கைஸ் மருத்துவமனையின் 249 பெண்களின் பதிவுகளை வைத்தது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு, சுழற்சியின் எந்தக் கட்டத்தில் சத்திரசிகிச்சை நடந்தது என்பதற்கும் அவர்கள் பிழைத்திருந்த காலத்துக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் கேள்வி. கவனியுங்கோ, அதுவும் ஒருவகையில் டிக்கட் ஆராய்ச்சிதான். கடைசி மாதவிடாய்த் திகதியை யாரோ ஒழுங்காகக் குறித்து வைத்திருந்ததால் செய்ய முடிந்தது. தொடர்பு இருப்பதாக அவர்களுக்கு விடை வந்தது. வேறு இடங்களில் அதே கணக்கைப் போட்டபோது விடைகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. பழைய பதிவுகளின் எல்லை அவ்வளவுதான்.

அவர் அங்கே நிற்கவில்லை. அடுத்தது எழுந்தமான ஒதுக்கீட்டுச் சோதனை, அதாவது யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல்போல் ஒதுக்குவது. சத்திரசிகிச்சைக்கு 5 முதல் 14 நாள் முன்பு 500 மில்லிகிராம் புரொஜெஸ்ட்ரோன் டிப்போ ஊசி ஒன்று, ஏறக்குறைய 1,000 பெண்கள், முடிவு 2011இல். மொத்தத்தில் பயன் நிறுவப்படவில்லை. அக்குள் நெறிக்கட்டியில் பரவியிருந்த பிரிவில் மட்டும் ஒரு சமிக்ஞை. அதற்கும் அடுத்தது 2023இல் வந்த 1,600 பேர் சோதனை. கட்டியை எடுக்க 7 முதல் 10 நிமிடம் முன்பு 0.5 சதவீத லிக்னொகெயினைக் கட்டியைச் சுற்றி ஆறு பக்கமும் ஏற்றுவது. 5 வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 82.6 இலிருந்து 86.6 சதவீதமாகவும், உயிரோடு இருந்தவர்கள் 86.4 இலிருந்து 90.1 சதவீதமாகவும் கூடியது. 1991, 2011, 2023: மூன்றும் ஒரே கேள்வி. கத்தி வைக்கிற அந்தச் சில மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

பிட்ஸ்பேர்க்கின் பேர்னார்ட் ஃபிஷரும் அப்படித்தான். ஹால்ஸ்டட் காலத்திலிருந்து மார்பு, மார்புத் தசை, அக்குள் எல்லாவற்றையும் வழித்தெடுப்பதே சிகிச்சை. புற்று மார்பிலிருந்து அக்குளுக்கு, பிறகு உடம்புக்கு என்று ஒழுங்காக நகருமென்ற நம்பிக்கையில் நின்ற சத்திரசிகிச்சை அது. ஃபிஷர் முதலில் விலங்குகளில் பரவலை ஆராய்ந்தார். பிறகு 1971இல் பி-04, 1976இல் பி-06 என்ற சோதனைகள். 2002இல் வந்த பி-06இன் 20 வருஷ முடிவில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் கொடுத்தவர்களில் அதே மார்பில் நோய் திரும்பியது 14.3 சதவீதம், கதிர் இல்லாமல் 39.2 சதவீதம். மார்பு முழுவதையும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் ஆயுளில் வித்தியாசம் இல்லை. அதே 2002இல் மிலானோவின் வெரோனேசியும் 1973 முதல் 1980 வரை சேர்த்த 701 பெண்களின் 20 வருஷ முடிவை எழுதினார், விடை அதே பக்கம். சேர்க்கத் தொடங்கி இறுதி முடிவு வர கால் நூற்றாண்டு. இந்தத் துறைக்கு வருகிறவர் இந்தக் கால அளவை மனதில் வைத்துக்கொள்ள வேணும்.

இன்னொன்று. பி-06க்கு ஆள் சேர்வது படுத்துவிட்டது. எந்தப் பக்கம் விழுமோ என்று தெரியாமல் நோயாளரிடம் சம்மதம் கேட்க வைத்தியர்களுக்கே மனமில்லை. முதலில் ஒதுக்கிவிட்டு, பிறகு "உங்களுக்கு இந்தச் சிகிச்சை விழுந்திருக்கிறது, சம்மதமா" என்று கேட்கும் முறைக்கு மாறினார்கள். ஆள் சேர்ந்தது, நெறிமுறைச் சண்டையும் சேர்ந்தது. சிகிச்சை ஆராய்ச்சியில் பாதி வேலை கிளினிக் மேசையில் நடக்கிற பேச்சு என்பதற்காகச் சொல்கிறேன்.

இனித் திருமலை. இந்த மாவட்டத்தின் கேள்வி தூரம். இங்கிருந்து மட்டக்களப்பு 130 கிலோமீற்றர் சொச்சம், அனுராதபுரம் 100க்கு மேல், கொழும்பு 250ஐத் தாண்டும். பழைய 25 தவணைக் கதிர் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை 5 கிழமை வேறு ஊரில் தங்க வேணும். குச்சவெளியில் மீன் காயவைக்கிற பெண்ணுக்கோ கந்தளாயில் வயல் பார்க்கிற பெண்ணுக்கோ அதுதான் சிகிச்சையின் விலை. பிரித்தானியாவின் ஸ்டார்ட்-பி சோதனை 40 கிரேயை (கிரே என்பது கதிரின் அளவு) 15 தவணையில், அதாவது 3 கிழமையில், கொடுக்கலாமென்று 2,215 பேரில் காட்டியது. 2020இல் ஃபாஸ்ட்-ஃபோர்வர்ட் 4,096 பேரில் 26 கிரேயை 5 தவணையில், ஒரே கிழமையில், கொடுத்தது. 5 வருஷத்தில் அதே மார்பில் நோய் திரும்பியது 15 தவணையில் 2.1 சதவீதம், 26 கிரே 5 தவணையில் 1.4 சதவீதம்.

இதை அப்படியே இங்கே தூக்கி வைக்கக் கூடாது. ஃபாஸ்ட்-ஃபோர்வர்டின் பிரதான பகுதியில் நெறிக்கட்டிகளுக்குக் கதிர் தேவைப்பட்டவர்கள் இல்லை. நம் ஆட்கள் பலர் அக்குளில் பரவிய பிறகுதான் வருகிறார்கள். அப்படியானவர்களுக்குக் கிட்டத்தில் வருவது 2019இல் வெளியான சீனச் சோதனை: மார்பை எடுத்த, ஆபத்துக் கூடிய 820 பெண்கள், 43.5 கிரே 15 தவணை எதிர் 50 கிரே 25 தவணை. 5 வருஷத்தில் மார்புச் சுவரிலோ நெறிக்கட்டியிலோ திரும்பியது 8.3 உம் 8.1 உம். ஆக, "நம் நோயாளரில் எத்தனை பேர் 5 தவணைக்குத் தகுதி, எத்தனை பேர் 15, எத்தனை பேருக்கு இரண்டும் இல்லை" என்பதே ஒரு நல்ல கட்டுரை. இயந்திரம் தேவையில்லை, பதிவேடு போதும். இலங்கையில் கிளினிக்கல் ஒன்கோலஜிஸ்ட் மருந்தும் கதிரும் இரண்டும் பார்க்கிறவர் என்பதால் எம்டிக்குப் போனபிறகும் இந்த வேலை கூடவே வரும்.

அதற்கும் முதல் செய்ய வேண்டியது தாமதக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்னெடுப்பின் அளவுகோல் மூன்று: 60 சதவீதமானோர் முதலாம் அல்லது இரண்டாம் நிலையில் கண்டுபிடிக்கப்பட வேணும், முதன்முதல் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் இன்னதென்று தெரிய வேணும், 80 சதவீதமானோர் சிகிச்சையை முடிக்க வேணும். உங்கள் கிளினிக் இந்த மூன்றில் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கோ.

இதில் பிழைக்கிற இடம் திகதி. கட்டியைக் கண்ட நாள், யாரிடமாவது முதலில் காட்டிய நாள் (குடும்பநல உத்தியோகத்தர், தனியார் டிஸ்பென்சரி, ஆயுர்வேதம், சித்தம் எல்லாம் சேர்த்தி), பயாப்சி எடுத்த நாள், ரிப்போட்டில் கையெழுத்து விழுந்த நாள், அந்த ரிப்போட் கிளினிக்கில் நோயாளர் முன் திறக்கப்பட்ட நாள், முதல் சிகிச்சை நாள் என்று ஆறு திகதி வேணும். நாலாவதையும் ஐந்தாவதையும் ஒன்றாக எழுதுவதுதான் வழக்கமான பிழை. கூரியரிலும் லாச்சியிலும் கிடந்த நாட்கள் அந்த இடைவெளிக்குள் ஒளிந்துவிடும்.

முதல் இரண்டு திகதியும் நோயாளரின் ஞாபகத்தில் இருப்பவை. "எப்ப கண்டீங்க அக்கா?" என்றால் எல்லோரும் ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்பார்கள். அப்படிக் கேட்காதீங்கோ. "சித்திரை வருஷத்துக்கு முன்னமா பின்னமா? பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா நேரம் இருந்ததா?" என்று கேளுங்கோ. கிண்ணியா, மூதூர் பக்கம் நோன்பையும் ஹஜ்ஜுப் பெருநாளையும் வைத்துக் கேளுங்கோ. நோன்பு வருஷா வருஷம் ஏறக்குறைய 11 நாள் முன்னுக்கு வரும், ஆகவே அந்த வருஷக் கலண்டரைப் பார்த்தே திகதி போட வேணும்.


கன்னியா_ஊற்று:

மேலே சொன்னது சரி. ஆனால் ஆறு திகதியும் பிழையில்லாமல் எழுதி, ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோன் ஏற்பி) ரிப்போட் பிழையென்றால் என்ன பயன்? நோயியல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஹோர்மோன் ஏற்பி இருக்கிறதா என்பது தமொக்சிஃபென் (ஹோர்மோனைத் தடுக்கும் மாத்திரை) கொடுப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தப் புரதம் சூட்டிலும் நேரத்திலும் அழியும். உடலிலிருந்து எடுத்த நிமிடத்திலிருந்து ஃபோமலினில் (இழையத்தைக் கெடாமல் வைக்கும் திரவத்தில்) விழும் நிமிடம் வரை ஒரு மணித்தியாலத்துக்குள் இருக்க வேணும். ஃபோமலினில் 6 மணிக்குக் குறையாமல், 72 மணிக்குக் கூடாமல் ஊற வேணும்.

நடப்பது என்ன? மார்பு முழுவதையும் எடுத்து, வெட்டாமல், வாய் சின்னப் போத்தலில் அமுக்கி, மேலே ஒரு விரல்கடை ஃபோமலின் ஊற்றி மூடிவிடுவார்கள். ஃபோமலின் இழையத்துக்குள் மணிக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் இறங்கும், கொழுப்பில் அதைவிட மெதுவாக. வெளிப்பக்கம் இறுகிவிடும், நடுவில் இருக்கிற கட்டி திருமலைச் சூட்டில் அழுகத் தொடங்கும். ரிப்போட் "ஈஆர் எதிர்மறை" என்று வரும். அந்தப் பெண்ணுக்கு 5 வருஷ மாத்திரை கிடைக்காமல் போகும். உங்கள் ஆராய்ச்சியில் அவர் "மும்மை எதிர்மறை" (மூன்று ஏற்பியும் இல்லாதவர்) ஆகிவிடுவார், பிறகு "கிழக்கில் மும்மை எதிர்மறை கூட" என்று யாராவது கட்டுரை எழுதுவார்கள். அது நோயின் குணமில்லை, போத்தலின் குணம்.

செய்ய வேண்டியது: அகன்ற வாய் வாளி, மாதிரியின் கனவளவுக்கு 10 மடங்கு ஃபோமலின். சாதாரண ஃபோமலின் இல்லை, நடுநிலைப்படுத்தியது: 37 முதல் 40 சதவீதக் கரைசல் 100 மில்லிலீற்றர், நீர் 900 மில்லிலீற்றர், ஒற்றைச் சோடியம் பொஸ்பேற் 4 கிராம், இரட்டைச் சோடியம் பொஸ்பேற் 6.5 கிராம். உப்பைப் போடாவிட்டால் நாள்போகப் புளித்து அமிலமாகும், நுணுக்குக்காட்டிக் கண்ணாடி வில்லையில் கறுப்புப் பொடி படியும், சாயமும் கெடும். தியேட்டர் மிஸ்மாரோடு பேசி, வெளியே எடுத்த நேரத்தையும் ஃபோமலினில் போட்ட நேரத்தையும் படிவத்தில் எழுத இரண்டு வரி சேர்ப்பியுங்கோ. இந்த இரண்டு வரிக்குக் காசு செலவில்லை, ஆனால் நாளைக்கு உங்கள் கட்டுரையை நம்புவதா இல்லையா என்பதை அந்த வரிதான் சொல்லும்.

பெரிய மாதிரியைத் திறந்து வைக்க வேணும். யாரும் நினைத்தபடி கீறக் கூடாது. நூல் அடையாளம் போட்டு, விளிம்புகளுக்கு மை பூசி, பின்பக்கத்திலிருந்து கட்டியை நோக்கி 5 முதல் 10 மில்லிமீற்றருக்கு ஒரு வெட்டு. முன்பக்கத்தால் வெட்டினால் விளிம்பில் நோய் இருக்கிறதா என்று பிறகு சொல்வது கடினமாகலாம். இதை உங்கள் நோயியல் நிபுணரோடு முதலில் பேசி உடன்பட்டுச் செய்யுங்கோ.

நீண்ட விடுமுறையைக் கவனியுங்கோ. வெள்ளி பின்னேரம் எடுத்தது திங்கள் காலை வரை தாங்கும். அந்தத் திங்கள் போயா விடுமுறை என்றால் 72 மணி தாண்டிவிடும். இதற்கெல்லாம் இலகுவான வழி, ஈஆரையும் ஹெர்-2ஐயும் (புற்றில் பார்க்கிற இன்னொரு ஏற்பி) சத்திரசிகிச்சைக்கு முன் ஊசியால் எடுத்த ட்ரூகட் துண்டில் பார்ப்பது. நூல் அளவுத் துண்டு உடனே ஊறிவிடும்.

தரவு பதியும்போது "ஈஆர்: ஆம், இல்லை" என்று பெட்டி வைக்காதீங்கோ. சதவீதத்தை எழுதுங்கோ. 1 சதவீதம் இருந்தாலே நேர்மறை, 1 முதல் 10 வரை குறைந்த நேர்மறை என்று தனிப்பிரிவு. ஹெர்-2இல் 0, 1+, 2+, 3+ நாலையும் அப்படியே பதியுங்கோ. 2+ எதிர்மறை இல்லை, ஃபிஷ் (மரபணுச் சோதனை) செய்யாத வரைக்கும் "தெரியாது". ஈஆர் எதிர்மறை வந்தால் ரிப்போட்டில் இன்னொன்றையும் தேடுங்கோ: பக்கத்தில் இருக்கிற நோயில்லாப் பாற்குழாய் சாயம் ஏற்றதா? ஏற்கவில்லையென்றால் சோதனையே தோற்றது, திருப்பிச் செய்யச் சொல்ல வேணும்.


உப்புவெளி_எம்ஓ:

இருவருக்கும் மிக்க நன்றி. கன்னியா அக்கா சொன்ன நேரம் எழுதும் வரிகளைத் தியேட்டரில் பேசிப் பார்க்கிறேன்.

இன்னொரு எண்ணம்: கடந்த 5 வருஷ டிக்கட்டுகளை எடுத்து, கீமோவை முழுதாக முடித்தவர்களையும் இடையில் விட்டவர்களையும் பிரித்து, யார் கூடக் காலம் பிழைத்திருக்கிறார்கள் என்று ஒப்பிட்டால் என்ன? நோயாளருக்கு நேரடியாகச் சொல்லக்கூடிய முடிவாக வருமே.


சாம்பல்தீவான்:

தம்பி, அந்தக் கடைசி எண்ணத்தை அப்படியே விட்டுவிடுங்கோ. முடிவு என்ன வருமென்று இப்பவே சொல்லலாம்: முடித்தவர்கள் கூடக் காலம் இருந்திருப்பார்கள். ஆறு மாதக் கீமோவை முடிக்க ஒருவர் ஆறு மாதம் உயிரோடு இருக்க வேணும். மூன்றாம் மாதம் இறந்தவர் தானாக "இடையில் விட்டவர்" பக்கம் விழுவார். மருந்து வெறும் தண்ணீராக இருந்தாலும் இந்தக் கணக்கில் வெல்லும். தவிர, உடம்பு நல்லாக இருக்கிறவர்தான் முடிக்கிறார், பஸ் காசு இருக்கிறவர்தான் முடிக்கிறார். பெரிய ஆட்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள். மிலானோவின் பொனடொனா சிஎம்எஃப் என்ற மூன்று மருந்துக் கீமோவை 1976இல் உலகத்துக்குக் காட்டியவர். 1981இல், மருந்தின் 85 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கே கூடப் பயன் என்று பின்னோக்கிப் பிரித்து எழுதியபோது இதே விமர்சனம்தான் வந்தது. செய்தே ஆகவேணுமென்றால் ஆறாம் மாதத்தில் ஒரு கோடு போட்டு, அன்று உயிரோடு இருந்தவர்களை மட்டும் எடுத்து, அங்கிருந்து காலத்தை எண்ணுங்கோ. அப்போதும் பஸ் காசுச் சிக்கல் போகாது.

எண்ணிக்கையும் காணாது. இறப்பு அபாயம் கால்வாசி குறைகிறது என்பதை 80 சதவீத வலுவோடு (உள்ள வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) காட்ட ஏறக்குறைய 379 இறப்புகள் வேணும். நோயாளர் இல்லை, இறப்புகள். 5 வருஷத்தில் ஐந்திலொருவர் இறப்பதாக வைத்தால் 1,900 நோயாளர். ஆண்டுக்கு 60 புதியவர் வரும் கிளினிக் என்று எடுத்தால் சேர்க்கவே 30 வருஷத்துக்கு மேல். ஆகவே ஒரு மாவட்டத்தை வைத்து ஆயுள் ஒப்பீட்டுக்குப் போகாதீங்கோ. "60 நாளுக்குள் விடை கிடைத்தவர் எத்தனை சதவீதம்" என்ற கேள்விக்கு இப்பக்கம் அப்பக்கம் 10 சதவீதத் துல்லியம் போதுமென்றால் 97 பேர், 5 சதவீதமென்றால் 385 பேர். 97 உங்கள் கைக்கு எட்டும்.

அந்த 97 பேர் தொடர்ச்சியாக வந்த 97 பேராக இருக்க வேணும். டிக்கட் கிடைத்தவர்களை மட்டும் எடுத்தால், கிடைக்காதவர்கள்தான் உங்கள் தாமதக்காரர். முதல் வேலை நோயியல் பதிவேட்டிலிருந்து பெயர்ப்பட்டியல் எடுப்பது, பிறகுதான் டிக்கட் தேடுவது. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தவர்கள் இங்கே வராமல் நேரே மட்டக்களப்புக்கும், புல்மோட்டைப் பக்கத்தவர்கள் வேறு பக்கமும் போகக்கூடும். ஆகவே "திருகோணமலை மாவட்டத்தில்" என்று தலைப்பு வைக்காமல் "ஒரு வைத்தியசாலையில்" என்று வையுங்கோ.

ஒரே ஆள் இரண்டு தரம் பதியப்படுவது அடுத்த தலையிடி. தியேட்டர் பதிவேட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், கிளினிக் கொப்பியில் இன்னொன்று. தகப்பன் பெயர் முதலெழுத்தும் கணவன் பெயர் முதலெழுத்தும் மாறி மாறி வரும். பெயரை நம்பாதீங்கோ, அடையாள அட்டை இலக்கத்தைப் பிடியுங்கோ. பழையது 9 இலக்கமும் ஒரு எழுத்தும், புதியது 12 இலக்கம். பழையதன் எழுத்தை எடுத்துவிட்டு முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பின் ஒரு 0 செருகினால் புதியது வரும். பிறந்த வருஷத்துக்குப் பின்னுள்ள மூன்று இலக்கம் வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அந்த இடத்தில் 500க்குக் கீழ் இருந்தால் கணவனதோ மகனதோ அட்டை இலக்கத்தை யாரோ எழுதியிருக்கிறார்கள். இது அடிக்கடி நடப்பது. வயதையும் அங்கிருந்தே எடுக்கலாம், டிக்கட்டில் 40, 45, 50 என்று வட்டமாக எழுதிய வயதைவிட நல்லது.

இலக்கங்களையும் பெயரையும் ஒரு கோப்பில் பூட்டிவைத்து, ஆய்வுக் கோப்பில் தொடர் இலக்கம் மட்டும் வையுங்கோ. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறமிருக்க, சின்ன ஊர், வயதும் கிராமமும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். எக்செலில் திகதியை வருஷம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதுங்கோ. இல்லாவிட்டால் ஒரு கணினியில் மார்ச் 4 ஆக இருந்தது இன்னொன்றில் ஏப்ரல் 3 ஆகும். நோய் வகைக் குறியீட்டில் (ஐசிடி) எல்லாவற்றையும் சி50.9 என்று தள்ளாதீங்கோ. மேல்வெளிக் கால்பகுதி சி50.4, மேலுள் சி50.2, கீழுள் சி50.3, கீழ்வெளி சி50.5. டிக்கட்டில் வைத்தியர் கீறிய படத்தைப் பார்த்தாலே எழுதலாம்.

நெறிமுறை அனுமதி டிக்கட்டைத் தொடுவதற்கு முன். தரவு எடுத்து முடித்துவிட்டுக் கேட்டால் எந்தக் குழுவும் பின்திகதி போட்டுத் தராது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகச் சுகாதார பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில் குழு இருக்கிறது. வைத்தியசாலைப் பணிப்பாளரின் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கோ.


மூதூர்_முனை:

இவ்வளவு கணக்கு எதற்கு என்று தோன்றுகிறது. பட்வேயின் லிக்னொகெயின் ஊசி மலிவு, எந்தத் தியேட்டரிலும் உண்டு. அதையே இங்கே ஒரு சோதனையாகச் செய்தால் நேரே சிகிச்சை ஆராய்ச்சியில் இறங்கலாமே? சர்ஜன் சம்மதித்தால் நாளைக்கே தொடங்கலாம்.


நிலாவெளிக்_காற்று:

மூதூர் அண்ணை, நாளைக்கு ஏலாது. மருந்துச் சோதனையென்றால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் அனுமதி, நெறிமுறைக் குழு, இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் சோதனைப் பதிவேட்டில் முதல் நோயாளரைச் சேர்க்க முன் பதிவு, பாதகம் வந்தால் ஈடு, எல்லாம் வேணும். பதிவு பிந்தினால் நல்ல சஞ்சிகை எதுவும் எடுக்காது.

அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சோதனையில் சேர்க்கப்பட்டவர்கள் நேரே சத்திரசிகிச்சைக்குப் போகக்கூடிய ஆரம்ப நிலைப் பெண்கள். கட்டி பெரிதாகி முதலில் கீமோ வாங்குகிறவர்களுக்கு அதன் விடை பொருந்தாது. மறுபக்கத்துக்கு வெறும் ஊசிகூடப் போடவில்லை என்பதும் அதன்மீது வைக்கப்படும் குறை. திருப்பிச் செய்யப்பட வேண்டிய சோதனைதான், ஆனால் பல வைத்தியசாலை சேர்ந்து செய்ய வேண்டியது. சாம்பல்தீவான் போட்ட கணக்கு அங்கேயும் பொருந்தும்.

மலிவான கேள்விதான் வேணுமென்றால் ட்ரஸ்டுசுமாப் (ஹெர்-2 நேர்மறையானவர்களுக்கான மருந்து) பக்கம் பாருங்கோ. 2019இல் பெர்செஃபனி சோதனை, 4,000 பேருக்கு மேல், 6 மாதம் எதிர் 12 மாதம். 4 வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 89.4 உம் 89.8 உம். அவர்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்த எல்லை 3 சதவீதம், ஆகவே "மோசமில்லை" என்று சொல்ல முடிந்தது. அதே 6 மாதத்தைப் பிரான்சின் ஃபார் சோதனை 2 சதவீத எல்லையோடு பார்த்தபோது நிறுவ முடியவில்லை. மருந்து ஒன்று, கேள்வி ஒன்று, எல்லைக்கோடு வேறு, விடை வேறு. அந்த எல்லையை யார், எதை வைத்துக் கீறினார்கள் என்று கேட்கப் பழகுவதே ஒரு பயிற்சி. இங்கே செய்யக்கூடியது: 12 மாதம் எழுதிக் கொடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் எத்தனை தவணை பெற்றார்கள், மூன்று மாதத்துக்கொரு எக்கோ (இதய ஸ்கேன்) நடந்ததா, நின்றது இதயம் பலவீனமானதாலா, மருந்து இல்லாததாலா, பஸ்ஸாலா.


சாம்பல்தீவான்:

நிலாவெளி சொன்ன "நின்றது எதனால்" என்ற பெட்டியைக் கட்டாயம் வையுங்கோ, தம்பி. ஆனால் காரணம் எழுதியிராத இடத்தில் நீங்களாக ஊகித்து நிரப்பாதீங்கோ. பி-06இலேயே மொன்றியல் மருத்துவமனையொன்றில் நோயாளரைச் சேர்ப்பதற்காகச் சில திகதிகளும் விபரங்களும் மாற்றப்பட்டது 1994இல் வெளியே வந்தது. அந்த நிலையத்தை முழுக்க நீக்கிவிட்டுக் கணக்கைத் திருப்பிப் போட்டபோது முடிவு மாறவில்லை. ஆனால் அதற்குள் மார்பைக் காப்பாற்றும் சத்திரசிகிச்சை செய்துகொண்ட எத்தனையோ பெண்கள் பயந்துபோனார்கள், ஃபிஷரும் பதவியிழந்து, 1997இல்தான் அவர்மேல் பிழையில்லை என்று தீர்ந்தது. காரணம் எழுதவில்லையென்றால் "பதியப்படவில்லை" என்று போடுங்கோ. அந்தச் சொல் 30 தரம் வந்தால் அதுவே ஒரு முடிவு.


உப்புவெளி_எம்ஓ:

புரிந்தது. தொடர்ச்சியாக வந்த 97 பேர், ஆறு திகதி, நேர வரிகள் இரண்டு, இனி வருகிறவர்களை வைத்து முன்னோக்கித் தொடங்குகிறேன். ஒரேயொரு சந்தேகம்: நோயாளர் முதலில் காட்டியது குடும்பநல உத்தியோகத்தரிடம் என்றால் அந்தத் திகதிக்குச் சான்று எங்கே கிடைக்கும்?


நிலாவெளிக்_காற்று:

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வெல் வுமன் கிளினிக் பதிவேடு இருக்கும். 35 வயதிலும் 45 வயதிலும் கூப்பிட்டுப் பார்க்கும்போது மார்புப் பரிசோதனையும் நடக்கும், கட்டி கண்டு அனுப்பியிருந்தால் திகதி அங்கே விழுந்திருக்கும். பதிவேடு வருஷ ஒழுங்கில் இல்லாமல் கிளினிக் ஒழுங்கில் இருக்கும், ஆகவே எந்தக் கிளினிக்குக்குப் போனார் என்பதையும் நேர்முகத்திலேயே கேட்டு வையுங்கோ. பணிமனைக்குப் போக முன் நெறிமுறை விண்ணப்பத்தில் அந்தப் பதிவேட்டின் பெயரையும் எழுதியிருக்க வேணும், இல்லாவிட்டால் திருத்தம் போட்டு இன்னும் ஒரு மாதம் காத்திருப்பீங்க.